போகும்போது கனம்

சேசு மரி சூசை

புதுச்சேரி, 1937 பிப்ரவரி 11

விழுப்புரத்து அக்கா சகாயம்மாளுக்குத் தம்பி தனிஸ்லாஸ் எழுதுவது. மாதாவின் தயவில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். மச்சான் போன பிறகு நீ தனியாகக் கிடக்கிறாய். பல்வலி விட்டதா, கன்று பால் குடிக்கிறதா, எல்லாம் விவரமாக எழுது.

முதலில் நல்ல சேதி. பிரான்சுவாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆறு வயதுப் பிள்ளை, ஒரு மாதம் விஷக்காய்ச்சலில் கிடந்து குச்சியாகிவிட்டான். டாக்டர் கைவிரித்த அன்று நான் அர்ச். அந்தோணியார் படத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை கொடுத்தேன். என்னை எந்த அங்கியைப் போட்டுக் காப்பாற்றினீரோ அதே அங்கியைப் பிள்ளைக்கும் போட்டு, அதே வழியில் நடத்திக் கூட்டிவருகிறேன் என்று. மறுநாள் பிள்ளை கஞ்சி கேட்டான். பங்குச் சாமியாரிடமும் சொல்லியாகிவிட்டது. ஜூன் மாதம் அந்தோணியார் திருநாளன்று போகிறோம்.

அந்த அங்கி உன் பெட்டியில்தான் இருக்கிறது. அனுப்பிவை.

எனக்கு அப்போது எட்டு வயது. நான் மார்ச்சளியில் இழுத்துக்கொண்டு கிடந்தபோது நீ வேண்டிக்கொண்டு, பழுப்பு அங்கியும் வெள்ளை இடுப்புக் கயிறும் போட்டு, செவ்வாய்க்கிழமை தவறாமல் என்னைக் கூட்டிப்போவாய். முத்தியால்பேட்டை தாண்டி, இங்கிலீஷ்காரன் சுங்கச் சாவடி தாண்டி, பிள்ளைச்சாவடி ரோட்டில் அந்த ஓலைக்கோயில். போகும்போது அங்கி கனக்கும். உள்ளே உடம்பெல்லாம் குத்தும். அழுதால், "அந்தோணியார் தவம் அப்படித்தாண்டா குத்தும், பொறுத்துக்கோ" என்பாய். கோயிலுக்குப் பின்னால் அங்கியைக் கழற்றி வேர்வை உலர்த்தித் திரும்பப் போடுவாய். வரும்போது உடம்பில் துணி இருப்பதே தெரியாது. என் பாரத்தை அவர் வாங்கிக்கொண்டார். சாவடிச் சேவகர் சின்னக்கண்ணு இந்து மனுஷன், அவரே என்னைப் பார்த்தால் கும்பிட்டு ஒரு கல்கண்டு தருவார். கடைக்கு வருகிறவர்களுக்கு இந்தக் கதையை நான் சொல்லாத நாள் இல்லை.

நீ கோழி வளர்த்துச் சேர்த்ததில் கடை வைக்க ஒரு பெட்டி பீங்கான் வாங்கிக் கொடுத்தாய். மற்றதெல்லாம் என் கையும் அந்த அங்கியின் ஆசியும். துறைமுகத்தில் துவான் சுங்கக்காரர்கள் என் பெட்டியை மட்டும் திறந்து பார்க்காமல் அனுப்புகிறார்கள் என்றால் சும்மாவா?

உன் கையெழுத்துக்குக் காத்திருக்கும்
தனிஸ்லாஸ்


விழுப்புரம், மார்ச் 2

தம்பி தனிசுக்கு அக்காவின் ஆசீர்வாதம். பிள்ளை பிழைத்த சேதி கேட்டு நடு முற்றத்தில் முழங்கால் போட்டேன். கஞ்சியில் கொஞ்சம் சுக்கு தட்டிப் போடச் சொல். வெயிலில் விடாதே. இங்கே பல்லைப் பிடுங்கியாகிவிட்டது, ரயில்வே டாக்டர் நல்ல கைக்காரர். கன்று துள்ளுகிறது. பக்கத்து வீட்டு வரலட்சுமி பெண்ணுக்கு உளுந்தூர்ப்பேட்டையில் இடம் அமைந்தது, கல்யாணத்துக்கு இரண்டு பீங்கான் தட்டு கேட்டாள், உடையாத மாதிரி வைக்கோல் சுற்றி அனுப்பு. ரோசா செர்த்திஃபிகா பரீட்சை தேறியது பெருமை. பதினைந்து வயதில் நம்ம வீட்டில் பிரெஞ்சு எழுதுகிற பெண்! இவ்விடம் மழையில்லை. வேறே விசேஷமில்லை.

அக்கா


புதுச்சேரி, மார்ச் 9

அக்காவுக்கு. எல்லோரும் சௌக்கியம், தட்டு அனுப்பியிருக்கிறேன்.

உன் கடிதத்தில் பல் இருக்கிறது, கன்று இருக்கிறது, உளுந்தூர்ப்பேட்டை இருக்கிறது. அங்கி மட்டும் இல்லை. நான் பீங்கான்காரன். கோப்பையை விரலால் சுண்டினால் கீறல் இருப்பது சத்தத்திலேயே தெரிந்துவிடும். உன் கடிதத்தைச் சுண்டினால் கீறல் சத்தம் கேட்கிறது. ஒரு பழந்துணியைத் தம்பி பிள்ளைக்குக் கொடுக்க உனக்கு என்ன தடை? வேறு யாருக்காவது கொடுத்துவிட்டாயா? கொடுத்திருந்தால் யார் என்று எழுது, நானே போய்க் கேட்டு வாங்கிக்கொள்கிறேன்.

பதில் உடனே வேண்டும்.
தனிஸ்லாஸ்


விழுப்புரம், ஏப்ரல் 5

தனிசு, குழந்தைகளுக்கு முத்தம். தட்டு ஒன்றுகூடக் கீறாமல் வந்தது.

அங்கி கரையான் தின்று போய்விட்டது. இருந்திருந்தாலும் உன் பிள்ளை உயரத்துக்கு அது சேராது. புதுசாகத் தைத்துக்கொள், அந்தோணியார் பழந்துணியா கேட்கிறார்? அவ்வளவு தூரம் நடக்கவும் வேண்டாம். அந்த ரோடு முன்னே மாதிரி இல்லை. ஊர்க் கோயிலிலேயே மெழுகுத்திரி ஏற்றி, ஏழைகளுக்கு ரொட்டி கொடுத்தால் போதும். சாவடிப் பக்கம் பிள்ளையைக் கூட்டிப்போகாதே என்று அக்கா சொல்கிறேன், கேள்.

சகாயம்


புதுச்சேரி, ஏப்ரல் 10

அக்காவுக்கு. உடம்பு நலம். மனசுதான் கொதிக்கிறது.

கரையான் தின்ற துணி உயரத்துக்குச் சேராது என்று எப்படி அளந்தாய்? ஒரு பொய்க்கு இரண்டு காரணம் சொல்கிற கொள்முதல்காரனை நான் கடைக்குள்ளேயே விடுவதில்லை. நான் வாயால் கொடுத்த வார்த்தை "அதே அங்கி, அதே வழி". வார்த்தை மாறினால் பிள்ளைக்கு ஆகாது.

லீவுக்கு ரோசா சனிக்கிழமை ரயிலில் வருகிறாள். பெட்டியை அவளிடம் திற. கரையான் தின்ற மிச்சமாவது இருக்கும் அல்லவா, அதைக் கொடுத்தனுப்பு. ஒட்டுப்போட்டுக்கொள்கிறோம்.

தனிஸ்லாஸ்


விழுப்புரம், மே 8

அன்புள்ள அப்பாவுக்கு, உங்கள் மகள் ரோசா வணங்கி எழுதுகிறேன். நானும் அத்தையும் சுகம் என்று எழுத வந்தேன், முழுச் சுகம் இல்லை. கிணற்றடியில் வழுக்கி அத்தைக்குக் கால் பிசகிவிட்டது. அடுத்த பள்ளிக்கூடம் என்ன என்று நீங்கள் முடிவு பண்ணுகிற வரைக்கும் நான் இங்கேயே துணைக்கு இருக்கட்டுமா? அம்மாவிடமும் கேளுங்கள். பிரான்சுவா சாப்பிடுகிறானா?

அங்கி கிடைக்கவில்லை அப்பா. பெட்டி, பரண் எல்லாம் நானே பார்த்தேன். அத்தையைக் கோபிக்காதீர்கள்.

நானே ஒரு அங்கி தைத்து இத்துடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். அதே பழுப்பு. உள்ளே ஒரு மடிப்பும் கிடையாது, புரட்டிப் பார்த்தாலும் ஒரே துணிதான். திருநாளன்று ஊர்க் கோயிலுக்கே போட்டுக்கொண்டு போகலாம் என்று அத்தை சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

ஒன்று கேட்கவேண்டும். அங்கி குத்தும் என்று சொல்வீர்களே, எந்தப் பக்கம் குத்தும்? முன்பக்கமா, இடுப்பிலா? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

உங்கள் கீழ்ப்படிந்த மகள்
ரோசா


புதுச்சேரி, ஜூன் 15

அக்காவுக்கு. உன் கால் எப்படி இருக்கிறது? எண்ணெய் போட்டு நீவு. என் நலம் கேட்காதே.

நேற்று முன்தினம் திருநாள். நீ தடுத்தாய், மகள் தடுத்தாள், கேட்காமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். ரோசா தைத்த அங்கி. அதே அங்கி இல்லாவிட்டாலும் அதே வழியாவது மிஞ்சட்டும் என்றுதான். ஞாயிற்றுக்கிழமை, ரோடெல்லாம் ஜனம். கையில் ரொட்டிக் கூடை. சாவடியில் சேவகன் குறுக்கே கழியை நீட்டினான். நம்ம சின்னக்கண்ணுவின் மகனாம், கண்ணையன் என்று பேர். கூடையைப் பார்க்கப் போகிறான் என்று நினைத்தேன். அவன் கூடையைத் தொடவேயில்லை. நேரே பிள்ளையைப் பிடித்து, அங்கியைத் தலைக்குமேல் உரித்து, உள்ளும் புறமும் புரட்டித் தடவினான். நோய் கிடந்து எழுந்த பிள்ளை, எலும்பு தெரிய, அரை நிஜாரோடு நடுரோட்டில் நிற்கிறான். மீன் கூடைக்காரிகள் சிரிக்கிறார்கள்.

நான் விட்ட சத்தத்தில் உள்ளேயிருந்த குமாஸ்தாவே எழுந்து வந்தான். பேனாவைத் தூக்கிப் பழகின என் கை அன்றைக்கு அடிக்க ஓங்கியது. கண்ணையன் அசையவில்லை. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கோச்சிக்காதீங்க மொதலாளி. இந்த அங்கி எத்தினி பாத்துட்டோம். எங்கப்பா காலத்துலேருந்து இதுல உள்பை வெச்சித்தான் சரக்கு போவுது. அப்ப ஒரு பொண்ணு செவ்வாக்கிழம தவறாம தம்பிய இழுத்துக்கினு வருமாம். அந்தப் புள்ள நடக்கமுடியாம நடக்குமாம். எங்கப்பாவுக்குத் தெரியும். புடிக்க மனசு வரல, ஒரு கல்கண்டு குடுத்து அனுப்பிடுவாரு. அவரு வேற, நான் வேற."

கேட்டாயா அக்கா? யாரோ ஒருத்தி செய்த ஈனக் காரியத்துக்கு என் பிள்ளையை உரித்துப் பார்க்கிறான். செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்த ரோட்டில் போனவள் நீ. அப்படி ஒருத்தி வந்திருந்தால் உன் கண்ணில் படாமலா இருப்பாள்? யார் என்று எழுது. அதோடு, நீ என்னைக் கூட்டிப்போனது வேண்டுதலுக்கு, அங்கியில் வேறு எதுவும் இருந்ததில்லை என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அதைக் கொண்டுபோய் அந்தச் சாவடி மேசையில் அறைகிறேன்.

கோயில் வரைக்கும் போகவில்லை. பிள்ளை அழுததால் திரும்பிவிட்டேன்.

தனிஸ்லாஸ்


புதுச்சேரி, ஜூலை 12

அக்காவுக்கு. கால் சரியாகி நீ நடக்கிறதாக ரோசா எழுதியிருந்தாள். சந்தோஷம்.

நாலு வரி கேட்டேன். ஒரு மாதமாகிறது. கடையில் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் கதை சொல்வதில்லை. நேற்று ஒரு வாடிக்கைக்காரர், "எங்கே, அந்த அங்கி கதையை என் மருமகனுக்குச் சொல்லும்" என்றார். இருமல் என்று சொல்லிவிட்டேன்.

நாலு வரிகூட வேண்டாம். இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை எழுது. போதும்.

தனிஸ்லாஸ்


விழுப்புரம், ஜூலை 30

தனிசு. நீ சுகம்தானா என்று கேட்டுத்தான் எப்போதும் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை கேட்கவில்லை, ஏனென்றால் இதைப் படித்தால் சுகமாக இருக்கமாட்டாய்.

கையெழுத்துப் போட்டு எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். அந்தப் பெண் நான். தம்பி நீ. உள்பை நாலு, என் கையால் தைத்தது. உள்ளே இருந்தது சரிகைக் கண்டு, பிரான்சிலிருந்து கப்பலில் வந்தது. நம்ம பக்கம் வரியில்லை, சாவடிக்கு அந்தப் பக்கம் வரி. கோயிலுக்குப் பின்னால் மீன்காரி சின்னப்பொண்ணு கூடையோடு நிற்பாள். உன் வேர்வை உலருகிற நேரத்தில் சரிகை அவள் கூடைக்குப் போகும். அதுதான் உன்னைக் குத்தியது. அதுதான் கனத்தது.

மார்ச்சளி உண்மை. வேண்டுதலும் உண்மை. முதல் செவ்வாய் அங்கி வெறும் அங்கியாகத்தான் போனது. பை அப்புறம் வந்தது.

நீ குதிப்பதற்கு முன்னால் நான் குதித்துக்கொள்கிறேன். அப்பா சைகோன் கப்பலேறிப் போய்ச் சேதியே இல்லாத வருஷம் அது. அம்மா படுக்கை. எனக்குப் பதினைந்து வயது. பதினைந்து வயதுப் பெண் சோற்றுக்கு அலைந்தால் அந்த ஊரில் யார் யார் என்னென்ன வேலை தரக் காத்திருந்தார்கள் என்று இத்தனை வயதில் உனக்குத் தெரியாமல் இருக்காது. அதற்குச் சரிகை மேல் என்று பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். சொல்லியிருந்தால் சாவடியில் முழித்திருப்பாய். உன் மூஞ்சிதாண்டா நம்ம முதல்.

கோழி வளர்த்துப் பீங்கான் வாங்கிக் கொடுத்தேனாம்! நம்ம வீட்டில் எந்தக் காலத்தில் கோழி இருந்தது? ஒரு நாளாவது யோசித்தாயா? யோசிக்கமாட்டாய். உனக்கு அந்தக் கதை பிடித்திருந்தது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டேன்.

உன் சின்னவயசு பொய்யாகிப் போச்சு என்று இப்போது அழுவாய். அழு. எனக்குப் பொய்யாகிப் போவதற்குக்கூட ஒரு சின்னவயசு இருந்ததில்லை.

ரோசாவைத் திட்டாதே.

சகாயம்மாள் (கையெழுத்துப் போட்டிருக்கிறேன், மேசையில் அறைந்துகொள்)


புதுச்சேரி, ஆகஸ்டு 4

ரோசாவுக்கு அப்பா எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம், பிரான்சுவா உன்னைக் கேட்கிறான்.

உன் அத்தைக்கு எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. ஆகையால் உன்னைக் கேட்கிறேன். திட்டாதே என்று எழுதியிருக்கிறாள். திட்டும்படி என்ன செய்தாய்? அங்கி கிடைக்கவில்லை என்று எழுதினது நீ. எந்தப் பக்கம் குத்தும் என்று கேட்டதும் நீ. அப்போது அது உன் மடியில் இருந்ததா இல்லையா? கன்னியாஸ்திரீகளிடம் படிக்கவைத்தது அப்பனுக்குப் பொய் எழுதவா? இந்த ஊரில் என்னை ஏமாற்றிய மொத்த வியாபாரி ஒருத்தன் கிடையாது. என் வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் கூடி ஏமாற்றியிருக்கிறீர்கள்.

உள்ளதை எழுது.
அப்பா


விழுப்புரம், ஆகஸ்டு 12

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் ரோசா. அத்தை ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறார்கள். உங்களுக்கு ராத்திரி தூக்கமில்லை என்று அம்மா எழுதியிருந்தார்கள். அது என்னால் என்றால் மன்னியுங்கள்.

வந்த மறுநாளே பார்த்தேன். அத்தை ஒளிக்கவில்லை. பெட்டியைத் திறந்து அங்கியை என் கையில் கொடுத்துவிட்டு, அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்கள். புரட்டினேன். நாலு பை. ஒரு பையின் தையலில் சரிகை இழை ஒன்று சிக்கியிருந்தது, இன்னும் மின்னுகிறது. எனக்குப் புரிந்துவிட்டது.

பைகளைப் பிரித்துவிட்டு வெறும் அங்கியாக உங்களுக்கு அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிரித்தேன். பை இருந்த இடமெல்லாம் துணி வெளுக்காமல் புதுசாக, நாலு சதுரம். காப்பித் தண்ணீரில் ஊறவைத்தேன், சோடாவில் அலசினேன், போகவில்லை. அதனால்தான் கிடைக்கவில்லை என்று எழுதினேன்.

அந்தக் கதையைச் சொல்லும்போது உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது அப்பா. பிரான்சுவா முகம் மாதிரி இருக்கும். எனக்குத் தெரிந்தால் பரவாயில்லை, உங்களுக்குத் தெரியவேண்டாம் என்று பட்டது.

நீங்கள் கோபப்பட்டு எழுதினீர்கள். எனக்கும் ஒரு கோபம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் அந்தக் கதையில் நீங்கள் இருந்தீர்கள், அந்தோணியார் இருந்தார், கல்கண்டு இருந்தது. அத்தை உங்களைக் கூட்டிப்போகிற கையாக மட்டும்தான் இருந்தார்கள். அப்போது அத்தைக்கு என் வயது.

உங்கள் மகள்
ரோசா


புதுச்சேரி, செப்டம்பர் 15

அக்காவுக்குத் தனிஸ்லாஸ். மழை தொடங்கிவிட்டது, காலில் ஈரம் படாமல் பார்த்துக்கொள். ரோசா பத்திரமாக வந்துசேர்ந்தாள்.

என் கோபம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் நம்பமாட்டாய், நானும் நம்பமாட்டேன். நாற்பது வயதைத் தொடப்போகிறவனை ஊரார் முன்னால் முட்டாளாக்கினாய். துறைமுகத்தில் என் பெட்டியைத் திறக்காமல் அனுப்புகிறவனிடம், இப்போதெல்லாம் "திறந்து பார்த்துவிடய்யா" என்று நானே சொல்கிறேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்க்கிறான்.

ரோசா அங்கியைக் கொண்டுவந்தாள். பிரித்த பைகளைத் திரும்பத் தைக்கச் சொன்னேன். "எதுக்குப்பா?" என்றாள். வாங்கின பொருள் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கவேண்டும் என்றேன். இடம் தேட வேண்டியிருக்கவில்லை. துணியே நாலு இடத்தையும் காட்டிக்கொடுத்தது.

நேற்று செவ்வாய்க்கிழமை பிரான்சுவாவுக்கு அதைப் போட்டுக் கூட்டிப்போனேன். உயரம் சரியாகச் சேர்ந்தது, கரையான் தொடவேயில்லை. அதே அங்கி, அதே வழி. நான் கொடுத்த வார்த்தை எனக்குத்தான் தெரியாமல் கொடுத்தது. உள்ளே என்ன இருந்தது என்று அந்தோணியாருக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். தெரிந்தேதான் ஒத்துக்கொண்டார். அவருக்கே ஆட்சேபணை இல்லாதபோது நான் என்ன சொல்ல?

சாவடியில் நானே கண்ணையனைக் கூப்பிட்டேன். வாய்யா, இந்தத் தடவை உள்பை இருக்கிறது, கையை விட்டுப் பார் என்றேன். மூன்று பை காலி. நாலாவதில் ஒரு பொட்டலம். பிரித்தான், கல்கண்டு. முழித்தான்.

"உங்கப்பாவுக்குப் பாக்கிடா அது," என்றேன். "வரி உண்டுன்னா போட்டுக்கோ."

அவன் ஒரு துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, ஒன்றைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுக் கழியைத் தூக்கினான்.

ஓலைக்கோயில் இப்போது ஓடு போட்டிருக்கிறது. அதன் பின்னால் உட்கார்ந்திருந்தபோது பிரான்சுவா கேட்டான், சாமி அங்கியில் எதற்குப் பை என்று. சொல்வதற்கு நல்ல கதை ஒன்று வாய்வரைக்கும் வந்தது. எனக்கு அது தொழில் மாதிரி. சொல்லவில்லை. அத்தை அதில்தான் அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்தார்கள் என்றேன். "சோறு ஒழுகாதா?" என்றான். மிச்சத்தை அவன் கேட்கிற வயதில் ரோசா சொல்வாள். என்னைவிட நன்றாகச் சொல்வாள்.

ஒன்று மட்டும் எனக்கு நினைவில்லாமல் இருந்து இப்போது வந்தது. சாவடி தாண்டி, சவுக்குத் தோப்புக்கு முன்னால் மணல் ஆழமாக இருக்குமே, அங்கே என்னால் முடியாது. உட்கார்ந்துவிடுவேன். நீ என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாய். அப்படியென்றால் அந்த இடத்தில் சரிகையையும் சேர்த்துச் சுமந்தது நீ.

கிறிஸ்துமஸுக்கு இங்கே வா. வந்தால் சண்டை போடுவேன், தெரிந்துகொண்டு வா.

திரும்பும்போது அதே மணலில் பிரான்சுவா தூங்கிவிட்டான். தூக்கிக்கொண்டு வந்தேன். அங்கியில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் கனமாகத்தான் இருந்தான்.

உன் தம்பி
தனிசு